ஜோ லூயிஸுக்கு உயரம் பிரச்சனையே இல்ல, காலுதான்

ஹெவிவெயிட் பாக்சிங் பத்திப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க, பழைய சாம்பியன்லாம் இன்னிக்கு ரிங்ல ஏறுனா ரெண்டு ரவுண்டு தாங்க மாட்டாங்க, எல்லாம் சின்ன ஆளுங்க, இந்தக் காலத்து ராட்சச சைஸ் பாக்சர் டைசன் ஃப்யூரி மேல சாஞ்சாலே போதும்னு. 1930, 40கள்ல சாம்பியனா இருந்த அமெரிக்க பாக்சர் ஜோ லூயிஸ் விஷயத்துல இத என்னால ஒத்துக்கவே முடியல. அவர் இந்தக் காலத்துல தோக்க வாய்ப்பு இருக்கு, ஆனா அது உயரமான ஆளுங்ககிட்ட இல்ல, ரிங்ல காலால நகந்துக்கிட்டே இருக்கிற ஆளுங்ககிட்ட.

லூயிஸ் 6 அடி 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி, நல்லா ஆடுன காலத்துல எடை 90 கிலோ சுமாருக்கு. இன்னிக்குக் கணக்குல பாத்தா அவர் ஹெவிவெயிட்டே இல்ல, அதுக்குக் கீழ இருக்கிற குரூசர்வெயிட் பிரிவு. அந்த ஒடம்ப வச்சுக்கிட்டுதான் 1937ல ஜேம்ஸ் பிராடாக்க நாக்அவுட் பண்ணி டைட்டில எடுத்து, 1949ல தானா ரிட்டையர் ஆகுற வரைக்கும் 25 தடவ காப்பாத்துனாரு. ஹெவிவெயிட்ல அத இன்னும் யாரும் தாண்டல.

அந்தக் காலத்துலயும் ராட்சச சைஸ் ஆளுங்க இருந்தாங்க, இத நிறைய பேர் மறந்துடுறாங்க. பிரைமோ கார்னேரா ஆறரை அடி, 118 கிலோ, 1935ல யாங்கி ஸ்டேடியத்துல 21 வயசு லூயிஸ் அவர ஆறாவது ரவுண்டுல மூணு தடவ கீழ தள்ளுனாரு. பட்டி பேர்ங்கிற பாக்சர் கார்னேராவவிட உயரம், 1941ல லூயிஸ ரிங்கோட கயிறுக்கு வெளியவே அடிச்சுத் தள்ளுனவர், 1942 ஜனவரில நடந்த ரெண்டாவது ஃபைட்ல முதல் ரவுண்டுலயே முடிஞ்சு போச்சு. (அந்த ஃபைட்ல வந்த பணத்த கடற்படை நிவாரண நிதிக்குக் குடுத்துட்டாரு, பின்னாடி வருமான வரி பாக்கின்னு அதே அரசாங்கம் அவர வருஷக்கணக்கா தொரத்துனத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.) சரி, கார்னேரா ஃப்யூரி இல்ல, பட்டி பேர் இந்த நூற்றாண்டு சாம்பியன் விளாதிமிர் கிளிட்ச்கோ இல்ல, அவங்களுக்கு அந்த அளவு ஜாப்பும் (முன்னங்கையால நேரா விடுற குத்து) கிடையாது டெக்னிக்கும் கிடையாது, அத நானும் சொல்றேன். ஆனா தன்னவிட 25 கிலோ கூட இருக்கிற ஆளு முன்னாடி எப்படி நிக்கணும், எங்க அடிக்கணும்னு லூயிஸுக்குப் பழக்கம் இருந்துச்சு.

அவரோட அடியப் பாருங்க, ஃபுட்டேஜ்லாம் நல்லாவே கிடைக்குது. கைய பின்னாடி இழுக்கவே மாட்டாரு. சின்னச் சின்ன எட்டா வச்சு முன்னால நகந்துக்கிட்டே இருப்பாரு, எதிராளி கயித்துப் பக்கம் போனதும் ஜாப், வலது கைல நேரா ஒரு ரைட், இடது கைய வளைச்சு விடுற லெஃப்ட் ஹூக்னு மூணும் ஒரே மூச்சுல வரும், ஒவ்வொண்ணும் அரை அடி தூரம்கூட பயணம் பண்ணாது, ஆனா முழு ஒடம்பு எடையும் அதுல எறங்கும். இத சொல்லிக் குடுத்தது ட்ரெய்னர் ஜாக் பிளாக்பர்ன், அவரே பழைய லைட்வெயிட் பாக்சர், பேலன்ஸ்தான் எல்லாம்னு போட்டுப் போட்டு பழக்குனவர். இந்த மாதிரி கிட்ட நின்னு வேகமா காம்பினேஷன் (தொடர் குத்து) போடுற ஆளுகிட்ட இன்னிக்கு இருக்கிற பெரிய ஆளுங்க என்ன ஆவாங்கங்கிறத 2019ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல பாத்தாச்சு. ஆண்டி ரூயிஸ் 6 அடி 2 அங்குலம், 6 அடி 6 அங்குலம் இருக்கிற, அப்ப சாம்பியனா இருந்த ஆண்டனி ஜோஷுவாவ நாலு தடவ கீழ போட்டாரு. ரூயிஸோட கை வேகம் அருமைதான், ஆனா லூயிஸோட ரைட் ஹேண்டும் அந்தக் குறியும் அவர்கிட்ட கிடையாது.

பெரிய ஆளுங்கள்ல எனக்கு நெஜமாவே கவலை தர்றது விளாதிமிர் கிளிட்ச்கோதான். ஜாப் போடுவாரு, கிட்ட வந்தா கட்டிப் புடிச்சு மேல சாஞ்சுடுவாரு. 2013ல பொவெட்கின்ன மாஸ்கோல அப்படித்தான் ராத்திரி முழுக்க புடிச்சே ஜெயிச்சாரு, பொவெட்கினும் கிட்டத்தட்ட லூயிஸ் உயரம்தான். லூயிஸ்-கிளிட்ச்கோ ஃபைட்னா, கட்டிப் புடிக்கிறத ரெஃப்ரி எவ்வளவு விடுவாருங்கிறதப் பொறுத்துதான் போகும்.

இப்ப காலு விஷயத்துக்கு வரேன். லூயிஸ் முன்னால வர்ற ஆளு, நேரா வர்ற ஆளு, பக்கவாட்டுல நகந்துக்கிட்டே இருக்கிறவங்கள அவரால சட்டுனு புடிக்க முடியாது. பில்லி கான் 80 கிலோகூட இல்லாத லைட் ஹெவிவெயிட், 1941ல போலோ கிரவுண்ட்ஸ்ல லூயிஸ சுத்திச் சுத்தி வந்து அடிச்சாரு, 12 ரவுண்டு முடிஞ்சப்ப ஸ்கோர் எழுதுற மூணு கார்டுல ரெண்டுல கான் முன்னாடி, ஒண்ணுல சமம். 13வது ரவுண்டுல கானுக்கு நாக்அவுட் ஆசை வந்து நின்னு அடிக்கப் போனாரு, ரவுண்டு முடிய ரெண்டு செகண்ட் இருக்கும்போது கதை முடிஞ்சுது. அப்ப டைட்டில் ஃபைட்னா 15 ரவுண்டு, இப்ப 12தான், அந்த ஃபைட் இன்னிக்கு நடந்திருந்தா 12 ரவுண்டோட மணி அடிச்சிருப்பாங்க, பெல்ட் கானுக்குப் போயிருக்கும்! 15 ரவுண்டுங்கிறது லூயிஸுக்கு எவ்வளவு பெரிய ஆயுதம்னு அந்த ஒரு ராத்திரிலயே தெரியும். 1947ல டைட்டிலுக்கு எதிர்த்து நின்ன ஜெர்சி ஜோ வால்காட் இன்னும் மோசம், முதுகக் காட்டி நடந்து போற மாதிரி போவாரு, திடீர்னு திரும்பி ரைட் விடுவாரு, லூயிஸ் ரெண்டு தடவ கீழ விழுந்தாரு. ரெண்டு ஜட்ஜ் லூயிஸுக்குக் குடுத்தாங்க, ரெஃப்ரி வால்காட்டுக்குக் குடுத்தாரு. என் கணக்குலயும் வால்காட்தான்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஜாப் போட்டுட்டு இடது கைய தாழ்வா திரும்பக் கொண்டு வருவாரு. ஜெர்மன் பாக்சர் மேக்ஸ் ஷ்மெலிங் அத நேர்லயும் ஃபிலிம்லயும் பாத்து கண்டுபுடிச்சு, 1936ல அந்த சந்துல ரைட் ஹேண்ட விட்டு விட்டு 12வது ரவுண்டுல சாய்ச்சாரு. ரெண்டு வருஷம் கழிச்சு லூயிஸ் ரெண்டு நிமிஷத்துல அவர நாக்அவுட் பண்ணி பதில் குடுத்தது எல்லாருக்கும் தெரியும். ஆனா இன்னிக்கு எதிர் கேம்ப்ல வீடியோ பாக்கவே தனியா ஆளு இருக்காங்க, இந்தத் தப்பு ஒரு நாள்ல வெளிய வந்துடும்.

அதனாலதான் நான் ஃப்யூரியப் பத்திக் கவலைப்படல, உக்ரைன் பாக்சர் ஒலெக்ஸாண்டர் உசிக்கப் பத்தி கவலைப்படுறேன். உசிக்கும் குரூசர்வெயிட்ல இருந்து வந்தவர்தான், 2024ல ஃப்யூரிய ரெண்டு தடவ ஜெயிச்சு சின்ன ஒடம்பு பெரிய ஒடம்ப ஜெயிக்கும்னு காட்டுனவர். ஆனா அவர் ஜெயிச்சது காலால. நிக்கவே மாட்டாரு, போதாததுக்கு சவுத்பா (வலது கைய முன்னால வச்சு நிக்கிற இடது கை ஆளு) வேற. லூயிஸோட ஜாப் அந்த முன்னங்கைல மாட்டும், வெளிப்பக்கமா சுத்திப் போற கால லூயிஸால ஆரம்பத்துல தொடவே முடியாது, ஏழெட்டு ரவுண்டு வரைக்கும் கான் ஃபைட் மாதிரியே போகும்னு நெனைக்கிறேன். உசிக்குக்கு ஒடம்புல அடி வாங்குறது பிடிக்காது, அங்கதான் லூயிஸ் வேலைய ஆரம்பிக்கணும், ஒன்பதாவது ரவுண்டுக்கு மேல அந்தக் கால் கொஞ்சம் மெதுவானா ஒரு ரைட் ஹேண்டு போதும்.

இன்னிக்கு சாப்பாடு, ஜிம் எல்லாம் குடுத்து லூயிஸ 98 கிலோவுக்கு ஏத்துனாலும் 12 ரவுண்டுன்னா உசிக் பாயிண்ட்ஸ்ல ஜெயிப்பாருன்னுதான் சொல்வேன், நெருக்கமான பாயிண்ட்ஸ். 15 ரவுண்டு வைங்க, நான் லூயிஸ் பக்கம். ஜோஷுவா, வைல்டர், டுபுவான்னு இந்தக் காலத்துப் பெரிய ஆளுங்க மூணு பேரையும் லூயிஸ் முடிக்க 12 ரவுண்டே தேவைப்படாது.