நுனி கருகும் இலைகள்: தருமபுரித் தண்ணீரில் 12 வாரம்

ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா, கலாத்தியா. வீட்டுக்குள் வளர்க்கும் இந்த மூன்றும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் கெடுகின்றன. முதலில் நுனி கருகும், அப்புறம் ஓரம். கருகலுக்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் பட்டை விழும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றினால் கருகல் இன்னும் கீழே இறங்கும். உரம் வைத்தாலும் அதே கதைதான். இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது, ஊற்றுகிற தண்ணீரை.

இந்த இரண்டு மாவட்டங்களின் கிரானைட், நைஸ் பாறைகளில் ஃபுளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் மேல்வரம்பு. அதைத் தாண்டிய ஊர்கள் இங்கே நிறைய இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் செடிக்கு ஊற்றுவது பெரும்பாலான வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு: ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீர். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அதை வாளியில் பிடித்துத் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிறோம். மெஷின் வடிகட்டி ஒதுக்கிய உப்பும் ஃபுளோரைடும் அந்த வாளியில்தான் இருக்கிறது. எவ்வளவு கெடுக்கிறது என்று பார்க்கத்தான் இந்த 12 வாரம்.

தொடக்கம், மார்ச் முதல் வாரம்

ஒரே தாய்ச் செடியிலிருந்து ஒன்பது ஸ்பைடர் பிளான்ட் குட்டிகள், ஒன்பது 6 அங்குலத் தொட்டிகள். கிழக்குப் பார்த்த ஜன்னல், காலை வெயில் திரைத்துணி வழியாக மட்டும். கலவை: அலசிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, சலித்த கரடு மணல் 1 பங்கு. பெர்லைட் (தொட்டிக் கலவையில் போடும் வெள்ளைப் பொரிக்கல்) சேர்க்கவில்லை, அதிலேயே கொஞ்சம் ஃபுளோரைடு உண்டு. சூப்பர் பாஸ்பேட் அறவே கூடாது. பாறை பாஸ்பேட்டிலிருந்து செய்வதால் ஃபுளோரைடு அதோடு கூடவே வரும். கலவை ஒரு லிட்டருக்கு 3 கிராம் டோலமைட் தூள் (புளிப்பைக் குறைக்கும் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல்) கலந்தாயிற்று. புளிப்பு குறைந்தால் ஃபுளோரைடு வேருக்குள் ஏறுவதும் குறையும்.

கோகோபீட்டை அலசுவதில் அவசரம் வேண்டாம். ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் கருவி) பாருங்கள். ஊற்றிய தண்ணீரைவிட 100 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) மேல் கூடுதலாகக் காட்டினால் இன்னொரு முறை அலச வேண்டும். நாங்கள் வாங்கிய கோகோபீட் கட்டி நான்காவது அலசலில்தான் அடங்கியது.

மூன்று தொட்டிகளுக்குப் போர் தண்ணீர் (940 பிபிஎம்), மூன்றுக்கு ஆர்ஓ நல்ல தண்ணீர் (60), மூன்றுக்கு ஆர்ஓ கழிவு (1,370). டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், ஃபுளோரைடைத் தனியாகச் சொல்லாது. அதற்கு நிறம் மாறும் சோதனைக் கிட் வேண்டும். அதில் போர் தண்ணீர் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கும் 2க்கும் நடுவே காட்டியது. கிட் இல்லாதவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்ததும் 250 மில்லி. தட்டில் வடிந்ததை உடனே கொட்டிவிட வேண்டும். விட்டால் கலவை அதையே திரும்ப உறிஞ்சும்.

4ம் வாரம்

கழிவுத் தண்ணீர்த் தொட்டிகளில் அடி இலைகளின் நுனி 2, 3 மில்லிமீட்டர் கருகியது. போர் தண்ணீரில் ஒன்றிரண்டு இலை மட்டும். ஆர்ஓ சுத்தம். கருகல் முடிகிற இடத்தில் பெர்மனன்ட் மார்க்கரால் ஊசிமுனை அளவு புள்ளி வைத்தோம். இது இல்லாமல் எந்தச் சிகிச்சையும் பலித்ததா என்று சொல்ல முடியாது, ஏனென்றால் கருகியது மறுபடி பச்சையாகாது. புள்ளியைத் தாண்டுகிறதா, புது இலை சுத்தமாக வருகிறதா, இந்த இரண்டுதான் அளவுகோல்.

இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. கழிவுத் தண்ணீர் குடித்த இலையில் நுனி செம்பழுப்பு, அதன் கீழே கோடு போட்ட மாதிரி ஒரு கருத்த விளிம்பு, அதற்கும் கீழே மஞ்சள் பட்டை, பிறகு பச்சை. வறட்சியில் காய்ந்த நுனி இப்படி இருக்காது. வைக்கோல் நிறத்தில் வெளிறி, பட்டை எதுவும் இல்லாமல் நேராகப் பச்சையில் போய் முடியும்.

நுனியிலேயே ஏன் தொடங்குகிறது? வேர் உறிஞ்சும் தண்ணீர் இலை வழியே ஆவியாகும்; ஃபுளோரைடு ஆவியாகாது. தண்ணீர் ஓட்டம் முடிகிற நுனியிலும் ஓரத்திலும் தங்கித் தங்கிச் சேர்ந்து திசுவைக் கொல்கிறது. ஆகவே வெயில் கூடக் கூட வேகமும் கூடும்.

8ம் வாரம், ஏப்ரல் கடைசி

கழிவு: 15 முதல் 20 மில்லிமீட்டர். போர்: 6 முதல் 8. ஆர்ஓ: இரண்டு இலைகளில் ஒரு மில்லிமீட்டர், பட்டை இல்லாத வெளிறல், அதாவது கோடை வறட்சி. கழிவுத் தொட்டிகளின் விளிம்பில் வெள்ளை உப்புப் படிவு.

இது ஃபுளோரைடா, வெறும் உப்பா? இந்தச் சோதனையை மட்டும் வைத்து முழுசாகப் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே தண்ணீரில் சேர்ந்தேதான் ஏறுகின்றன. பக்கத்திலேயே அதே கழிவுத் தண்ணீர் குடித்த மணி பிளான்ட்டில் ஒரு நுனிகூடக் கருகவில்லை. மணி பிளான்ட் ஃபுளோரைடைத் தாங்கும், ஸ்பைடர் பிளான்ட் தாங்காது என்பது தெரிந்த விஷயம்தான். அதனால் சந்தேகம் ஃபுளோரைடு பக்கம் கூடுதலாகச் சாய்கிறது.

அன்றே ஒரு கழிவுத் தொட்டியைக் கழுவினோம். 6 அங்குலத் தொட்டியில் சுமார் 2 லிட்டர் கலவை. 4 லிட்டர் ஆர்ஓ நல்ல தண்ணீரை, அரை மணி இடைவெளி விட்டு இரண்டு தடவையாக மெதுவாக ஊற்ற வேண்டும். முதலில் வடிந்தது 1,900க்கு மேல், கடைசியில் வடிந்தது 310. அதன் பிறகு அந்தத் தொட்டிக்கு ஆர்ஓ நல்ல தண்ணீர் மட்டுமே.

போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுவது பயன் தராது. தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், செறிவுதான் கூடும். ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது.

கலாத்தியா: மஞ்சளும் சுருளலும்

இந்தத் தொட்டி தனி. ஓசூர் நர்சரியிலிருந்து வந்த செடி. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், தருமபுரி அதில் பாதிதான்; அங்கே பழகிய செடி இங்கே ஏப்ரலில் திணறுவது இயல்பு. மத்தியானம் 2 மணிக்கு இலை குழாயாகச் சுருண்டு, விடிகாலையில் விரிந்திருந்தால் வெறும் வறண்ட காற்றுதான் காரணம். அடுப்படிப் பக்கத்தையும் ஃபேன் காற்றையும் தவிர்த்து, ஈரக் கூழாங்கல் தட்டின் மேல் வைத்தால் போதும். விடிகாலையிலும் சுருண்டே இருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் தொட்டியிலிருந்து கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளுத்து விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். ராத்திரியில் இலைகள் நிமிர்ந்து நிற்பது அந்தச் செடியின் சுபாவம், நோயில்லை.

மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்பது முக்கியம். அடி இலை முழுசாக மஞ்சளானால் தண்ணீர் தேங்கல் அல்லது தழைச்சத்துக் குறைவு. இங்கே குருத்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது: இரும்புக் குறைவு. போர் தண்ணீரின் பைகார்பனேட் கலவையைக் காரமாக்கிவிட, மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்கவில்லை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ கலந்து காரத்தைக் குறைத்தால் குருத்து பச்சையாகும். ஆனால் கலவை புளித்ததும் ஃபுளோரைடு சுலபமாக ஏறும், ஓரம் கருகும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. தண்ணீரையே மாற்றினால்தான் இரண்டும் ஒருசேர அடங்கும். ஆர்ஓ நல்ல தண்ணீருக்கு மாறி, இடிடிஹெச்ஏ வகை இரும்பு செலேட் (கார மண்ணிலும் வேருக்குக் கிடைக்கும் இரும்புச் சத்து) லிட்டருக்கு அரை கிராம் என்று இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை வேருக்கு ஊற்றியதில், அடுத்த இரண்டு குருத்தும் பச்சையாக வந்தன. இடிடிஏ வகை கார மண்ணில் நிற்காது, வாங்கும்போது பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்.

இலையின் அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டியும் பார்த்தாயிற்று. நகரும் புள்ளிகள் விழுந்தால் சிவப்புச் சிலந்தி, விழவில்லை.

12ம் வாரம், மே கடைசி

கழுவிய தொட்டியில் கருகல் மார்க்கர் புள்ளியைத் தாண்டவில்லை, புதிதாக வந்த மூன்று இலைகளும் சுத்தம். கழுவாத இரண்டு கழிவுத் தொட்டிகளிலும் ஐந்தாவது இலை வரை கருகல் ஏறிவிட்டது.

கோடை மழை ஆரம்பித்ததும் மாடியில் டிரம் வைத்தாயிற்று. தளத்தின் தூசி போக முதல் 10 நிமிட மழையை வெளியே விட்டுப் பிடித்த தண்ணீர் மீட்டரில் 22 காட்டியது. ஒன்பது தொட்டிக்கும் இனி இதுதான். ஆர்ஓ கழிவு பாத்ரூம் கழுவுவதற்கு.