அப்பாவின் வண்டிக்கு வாய் கட்டிய கதை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு முடிந்தது. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அப்பாவின் பழைய மொபெட்டில் சைலன்சரைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, திரும்ப மாட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சைலன்சரை என்ஜினோடு பிடித்திருப்பவை இரண்டே நட்டுகள். அந்த இரண்டு நட்டுகளுக்காக என் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, மைத்துனருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது, வீட்டில் மீதமிருந்த ஒரே நல்ல துவாலை கரித்துணியாகிவிட்டது.

அந்த ஓட்டைக்கு வயது மூன்று. முதலில் குண்டூசித் தலை அளவில் இருந்தது; பிறகு விரல் நுழையும் அளவுக்கு வளர்ந்தது. அப்பா தெருமுனையில் திரும்பும்போதே நாய் எழுந்து நின்றுவிடும், அம்மா தாழ்ப்பாளை நீக்கிவிடுவார், மேல்வீட்டுக் குழந்தை அழத் தொடங்கிவிடும். சரி செய்துவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அப்பா ஒரு காரணம் வைத்திருந்தார். முதல் ஆண்டில், ஓட்டை இருந்தால்தான் என்ஜின் தாராளமாக மூச்சு விடும் என்றார். இரண்டாம் ஆண்டில், இந்த வண்டிக்கு இனிமேல் உதிரிப்பாகமே வராது என்றார். மூன்றாம் ஆண்டில், தமக்குப் பிறகு எங்கள் விருப்பம்போல் செய்துகொள்ளலாம் என்று பேச்சை வேறு தளத்துக்குக் கொண்டுபோய்விட்டார். நடு இரவில் மின்விசிறி லேசாகக் கிரீச்சிட்டால்கூட ஸ்க்ரூடிரைவரோடு எழுந்து நிற்கும் மனிதர் இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டோம். கடைசியில் பேத்தி இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, தாத்தாவின் வண்டியில் இனி ஏறமாட்டேன் என்று அறிவித்த பிறகுதான் அனுமதி கிடைத்தது.

சைலன்சர் வெளியிலிருந்து துருப்பிடித்து ஓட்டையானது என்றே நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது உள்ளிருந்து அரிக்கப்பட்டிருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாக வெளியேறிவிடும். அப்பாவின் பயணமோ தெருமுனை வரை போய், அங்கே நிற்பவரிடம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, திரும்ப வருவது. அந்தத் தூரத்தில் சைலன்சருக்கு வெதுவெதுப்புக்கூட ஏறாது. ஆகவே தண்ணீர் முழுவதும் அடிப்பகுதியில் குளம்போலத் தேங்கி, ஆண்டுக்கணக்கில் தகட்டைத் தின்றிருக்கிறது.

நட்டுகளுக்கு வருகிறேன். முதல் நட் ஒரு முனகலோடு கழன்றது. இரண்டாவதற்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடச் சொன்னார் அப்பா. நான் பதினைந்து நிமிடம் ஊறவிட்டேன். பிறகு ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி, நீளத்தைக் கூட்டி, மெதுவாக அழுத்தினேன். நட் அசைந்தது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இதமாகச் சுற்றி வந்தது. அந்த இதத்தைக் கண்டு மகிழ்ந்தேன் பாருங்கள், அதுதான் என் அறிவின் எல்லை. சுற்றியது நட் அல்ல. நட்டோடு சேர்ந்து முறுகிக்கொண்டிருந்த ஸ்டட், அதாவது என்ஜினில் திருகி இறக்கியிருந்த தலையில்லா மரையாணி. அரைச் சுற்றில் ‘டக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்டது, ஸ்பேனர் கையோடு வந்தது, கட்டைவிரல் கால்மிதிக் கம்பியில் போய் மோதியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழைய மாத்திரை டப்பா ஒன்றைத் திறந்து, அதே அளவில் ஒரு புது ஸ்டட்டையும் இரண்டு பித்தளை நட்டுகளையும் எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

உடைந்த ஸ்டட்டில் நான்கு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் என் மானம் தப்பியது. பெட்ரோல் டேங்கையும் கார்புரேட்டரையும் கழற்றித் தொலைவில் வைத்துவிட்டு, ஸ்டட் இறங்கியிருந்த அலுமினியப் பகுதியைச் சுடுவிளக்கால் காய்ச்சினேன். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே துளை சற்றே பெரிதாகி ஸ்டட்டின் பிடி தளரும். குறட்டால் கவ்வி, முன்னும் பின்னுமாகக் கால் சுற்று, கால் சுற்று என்று கெஞ்சிக் கூத்தாடி அதை வெளியே எடுத்தபோது மணி மூன்று.

என்ஜினின் புகைவாயில் பாதி மூடியிருந்தது. அப்பா பெட்ரோலில் ஆயில் கலக்கும்போது அளவுக் குப்பியில் ஊற்றிவிட்டு, ‘பாவம், கிழட்டு என்ஜின்’ என்று இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். அந்தப் பாசம் முழுவதும் கரியாகி வாயிலைச் சுற்றிப் பிடித்திருந்தது. பிஸ்டனை மேலே ஏற்றி அந்தத் துளையை மூடிக்கொண்டு, பிஸ்டனில் கீறல் விழாதிருக்க மரக்குச்சியால் சுரண்டினேன். கைப்பிடி அளவு கரி உதிர்ந்தது. இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் வளையமான கேஸ்கெட் செம்பு என்பதால், சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டதும் பழையபடி மெத்தென்று ஆகிவிட்டது. இந்த மொத்த வேலையில் சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் மைத்துனர் வந்தார். அவருக்கு எல்லா இயந்திரங்களைப் பற்றியும் ஒரே கருத்து உண்டு: தொழிற்சாலைக்காரர்கள் வேண்டாததை எல்லாம் உள்ளே வைத்து விற்கிறார்கள். சைலன்சரின் வால்பக்கம் இருக்கும் துளையிட்ட குழாயை, அதாவது பேஃபிளை, உருவி எடுத்துவிட்டு, “இது இல்லாமலே ஓட்டலாம் அத்தான், பிக்கப் பறக்கும்” என்றார். நான் பதில் சொல்வதற்குள் மாட்டி, உதைத்து, தெருவில் ஒரு சுற்றும் போய்விட்டார். போனவர் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். வண்டி சத்தத்தில் பந்தயக் குதிரையாகவும் இழுவையில் நோஞ்சான் கழுதையாகவும் மாறியிருந்தது.

அப்பாவின் வண்டியில் இருப்பதுபோன்ற, பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்குச் சைலன்சர் வெறும் வாய்ப்பூட்டு அல்ல. அது என்ஜினின் ஓர் உறுப்பு. புகையோடு தப்பி வெளியே ஓடப்பார்க்கும், இன்னும் எரியாத பெட்ரோல்-காற்றுக் கலவையை, குழாயிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலை ஓரளவு உள்ளே தள்ளிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் இந்த அலையைக் கணக்கிட்டே புகைக்குழாயை வடித்து, சிறு என்ஜின்களைப் பந்தயங்களில் சீற வைத்தார். அவர்கள் அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தோடு நாட்டை விட்டே வெளியேறி, அந்த நுட்பத்தோடு சுசுகியில் சேர்ந்து, 1962இல் 50 சிசி பிரிவில் உலகப் பட்டத்தை வென்றார். ஒரு புகைக்குழாயின் சூட்சுமத்தை மடியில் கட்டிக்கொண்டு மனிதர் நாடு விட்டு நாடு போயிருக்கிறார். எங்கள் வீட்டு நிபுணர் அதைக் குறட்டால் பிடுங்கித் திண்ணையில் எறிகிறார். இதை நான் சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். பேச்சுவார்த்தை முறிந்தது அப்போதுதான்.

ஓட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துருவைத் தேய்த்தெடுத்து, சைலன்சர் பசையைத் தடவி, வளைத்த தகட்டைப் போர்த்தி, இரண்டு கிளிப்புகளால் இறுக்கினேன். அந்தப் பசையை மெல்லிய சூட்டில் நிதானமாகக் காயவிட வேண்டும். நான் ஞாயிறு இரவே முழு வேகத்தில் முறுக்கினேன். பசை அப்பளம்போல் கொப்பளித்துப் பொலபொலவென்று உதிர்ந்தது. திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, அதே வேலையைப் பொறுமையோடு இரண்டாம் முறை செய்தேன். பொறுமை என்பது எனக்கு எப்போதும் இரண்டாம் முறைதான் வருகிறது.

மாலை ஆறரைக்கு அப்பா உதைத்தார். முதல் உதையிலேயே என்ஜின் எடுத்தது. உள்ளிருந்து வந்த அம்மா, வண்டி ஓடுகிறதா என்று வியந்து கேட்கும் அளவுக்கு அமைதி. பேத்தி கைதட்டினாள். நான் கட்டைவிரலை மறந்து நிமிர்ந்து நின்றேன்.

அப்பா மறுபடியும் உதைத்தார்.

“ஓடுகிறது, அப்பா” என்றேன். அவர் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஆக்சிலரேட்டரை முறுக்கினார், நீலப்புகை வந்தது. இன்னும் முறுக்கினார். “எடுத்து எடுத்து நின்றுவிடுகிறதே” என்றார். பிறகு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி மெல்லக் குந்தி, சைலன்சரின் வாய்க்கு எதிரே உள்ளங்கையை நீட்டினார். மெதுவாக ஓடும்போதும் அந்தச் சிறிய என்ஜின் விநாடிக்கு இருபது, இருபத்தைந்து முறை புகையைத் தள்ளும். அது கையில் படபடத்திருக்க வேண்டும். அவர் கையை எடுக்கவே இல்லை. “ஓடத்தான் செய்கிறது” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சில மாதங்களாக மின்விசிறி கிரீச்சிட்டால் அம்மாதான் எழுந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொலைக்காட்சியின் ஒலியை யார் கூட்டிவைப்பது என்று நடக்கும் தினசரி விசாரணையும் நினைவுக்கு வந்தது. ஊரையே எழுப்பிய அந்த ஓட்டை வழியாகத்தான் அவருக்கு வண்டி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இரவு, ஒருநாள் காதைக் காட்டிவிட்டு வரலாமா என்று மெதுவாகக் கேட்டேன். முதலில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“என் காதுக்கு என்ன வந்தது? சைலன்சரில்தான் ஏதோ அடைத்திருக்கிறது. வருகிற ஞாயிறு கழற்றிப் பார்.”

பித்தளை நட்டுகள் துருவேறி இறுகாதவை என்பதால் கழற்றுவது இம்முறை பெரிய வேலையில்லை. பேஃபிளை எடுத்துவிட்டால் இழுவை குறைந்தாலும் தெருமுனை வரைக்கும் போதும். ஆனால் அது இல்லாமலே ஓட்டலாம் என்று முடிவு செய்திருப்பதை மைத்துனரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இன்னும் வாய் வரவில்லை.