சாக்லேட்டுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே

போன அக்டோபரில் அம்மா தூத்துக்குடியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்திருந்தாள். வந்த மறுநாள் காலையிலேயே ஜன்னலோரம் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏல, இங்க வீட்டு வாசல்லயேவா அடக்கம் பண்ணுதாவ?"

எதிர்வீட்டுக்காரர் புல்தரை முழுக்கத் தெர்மோகோல் கல்லறைகளை நட்டுவைத்திருந்தார். ஒன்றின் அடியிலிருந்து பிளாஸ்டிக் கை வேறு எட்டிப் பார்த்தது. ஹாலோவீன் அலங்காரம் என்றேன். அம்மா பயப்படுவாள் என்று நினைத்தால், பாராட்டினாள். "கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கு. அதுக்குள்ள எல்லாம் ரெடி பண்ணிட்டாவளே!"

எங்கள் ஊரில் நவம்பர் 2 வருவதற்குள் புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ, மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கி முடிப்பதற்குள் பெரிய பாடாகிவிடும். இந்த ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள் என்பதுதான் அவள் கணக்கு. முகம் வெட்டிய பூசணிக்காயைப் பற்றி மட்டும் ஒரு குறை இருந்தது. "திருஷ்டிப் பூசணிய மேல கட்டித் தொங்கவிடாம படியில வச்சிருக்காவ."

அம்மா கத்தோலிக்கம். என் மனைவி பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் சபை. அவளுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. "அத்தை, இது பிசாசு பண்டிகை. அக்டோபர் 31 நமக்கு சீர்திருத்தத் திருநாள்" என்று 1517-ஐயும், கத்தோலிக்கத் திருச்சபையைக் கேள்வி கேட்டு மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளையும் எடுத்துவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "அவர் அந்த நாளைப் பிடித்ததே மறுநாள் சகல புனிதர்கள் திருநாள் என்பதால்தானே? அதற்கு முந்தின இரவுதான் ஹாலோவீன். விட்டன்பர்க் ஆலயக் கதவில் மாட்டினார் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஹாலோவீன் அன்று கதவைத் தேடிப் போன முதல் ஆள் உங்கள் லூத்தர்தான்" என்றேன். அன்று இரவு எனக்கு மட்டும் தோசை ஆறிப்போய் வந்தது.

நாங்கள் போகும் சபையில் இதற்கு ஒரு சமரசம் உண்டு. கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்கரித்து, பிள்ளைகளுக்கு அங்கேயே மிட்டாய் கொடுப்பார்கள். வேஷம் மட்டும் வேதாகமத்திலிருந்துதான் இருக்க வேண்டும். வருடாவருடம் தாவீதுகள் குவிந்துவிடுவார்கள். அடி வாங்க ஒரு கோலியாத்தும் வரமாட்டான்.

என் பையன் எலும்புக்கூடுதான் வேண்டும் என்று நின்றான். முடியவே முடியாது என்றாள் அவன் அம்மா. "எசேக்கியேல் 37. பள்ளத்தாக்கு முழுக்க உலர்ந்த எலும்பு. நான் அதுல ஒருத்தன்" என்றான். எல்லாம் ஞாயிறு பள்ளி செய்த உபகாரம். அதிகாரத்தோடு வந்து நிற்பவனிடம் பாளையங்கோட்டைக்காரி எப்படி வாதாடுவாள்? எலும்புக்கூடு பாஸாகிவிட்டது.

அது முடிந்ததும் எங்கள் தெருவில் வீடு வீடாக மிட்டாய் வசூல். மனைவி வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்துகொண்டாள். அம்மா கையில் ஜெபமாலையோடு கிளம்பினாள். முதல் வீட்டில் சாக்லேட் பையில் விழுந்ததுமே பேரனைப் பிடித்து நிறுத்தினாள்.

"சும்மா வாங்கப்பிடாது ராசா. அந்த வீட்டுல செத்துப்போனவங்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழைய இங்கிலாந்தில் இதே நாட்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய்ச் சின்னச் சின்ன கேக் வாங்கிக்கொண்டு, அந்த வீட்டின் இறந்தவர்களுக்காக ஜெபிப்பார்கள். இன்றைய மிட்டாய் வசூலுக்கு மூலங்களில் ஒன்றாக அதைத்தான் சொல்கிறார்கள். அம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. செத்தவர்கள் மோட்சத்துக்குப் போகுமுன் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆட்கள் கிடக்கும்போது ஓசியில் சாக்லேட் தின்னக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு மூன்று வீடுகளுக்குள் பையன் பேரத்தில் இறங்கினான். கடைசியில், குட்டி சாக்லேட் என்றால் திரித்துவப் புகழ் என்ற சின்ன ஜெபம் ஒன்று போதும், முழு பார் கொடுத்தால் ஜெபமாலையில் ஒரு பத்துமணி, அதாவது பத்து அருள் நிறைந்த மரியே என்று முடிவானது. மற்ற பிள்ளைகள் தெருவை முடித்துத் திரும்பி வருகிறார்கள், நாங்கள் இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. முழு பார் வைத்திருக்கும் வீட்டை எலும்புக்கூடு ஓசைப்படாமல் தாண்டிப் போனதையும் பார்த்தேன்.

தெருக்கோடி வீட்டுப் பெரியவர், என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று கேட்டார். விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மனைவிக்கும் ஒன்று சொல்ல முடியுமா என்று அவள் பெயரைச் சொன்னார். அப்புறம் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அப்படியே பைக்குள் கவிழ்த்தார். பையன் முகம் செத்துவிட்டது. அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாக ஆரம்பித்தாள்.

அம்மா ஊருக்குத் திரும்பி, சாக்லேட்டும் தீர்ந்துவிட்டது. ஜெபம் தீரவில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததும் ஆச்சியின் முதல் கேள்வி, "பாக்கி எவ்வளவுல இருக்கு?" ஒருநாள் மனைவி பொறுக்கமாட்டாமல், "அத்தை, எங்க சபையில மரிச்சவங்களுக்காக ஜெபம் பண்றதில்ல" என்று சொல்லிவிட்டாள்.

பையன் அந்த நிமிடமே சி.எஸ்.ஐ.-யில் சேர்ந்துவிட்டான்.