நங்கநல்லூரில் பழைய பிளாட்: விலை பேசியது சுலபம், யூடிஎஸ்தான் பாடாய்ப் படுத்தியது

பத்திரம் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான் இப்போது நிதானமாக எழுத முடிகிறது. யூடிஎஸ் என்பது மனை நிலத்தில் நம் வீட்டுக்கு உரிய பிரிபடாத பாகம். ஒரு கிரவுண்டில் ஆறு வீடு, லிஃப்ட் கிடையாது, கட்டி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன பிளாட். ஆதம்பாக்கம், பழவந்தாங்கல், மடிப்பாக்கம் பக்கம் இதே மாதிரி வீடு தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், எங்கெல்லாம் சிக்கியதோ அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சிபில் (கடன் மதிப்பெண்), சம்பளச் சீட்டு, லோன் விண்ணப்பம் எல்லாம் ஒரு தொந்தரவும் இல்லாமல் முடிந்தன.

முதலில் பணக் கணக்கு. 850 சதுர அடி என்று சொல்லி, அடி 8,000 ரூபாய்க்குப் பேசி முடித்தது 68 லட்சம். அந்த 850-ல் மாடிப்படி, நடைபாதை எல்லாம் சேர்த்திதான். டேப் பிடித்து உள்ளே அளந்தால் 700-ஐத் தொடாது. பழைய பிளாட் எல்லாமே இப்படித்தான் என்பதால் அதில் வாதாடிப் பயனில்லை. ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்தின் வயதைக் கழித்துக்கொண்டு 64 லட்சம் என்று எழுதினார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. அதையும் பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் கணக்கிடுகிறார்கள். ஆக 51.2 லட்சம். மீதி 16.8 லட்சம் கையிலிருந்து.

அத்தோடு நிற்கவில்லை. பழைய பிளாட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம்: 6.12 லட்சம். 2023 டிசம்பரிலிருந்து 50 லட்சம் வரை 4, மூன்று கோடி வரை 5 என்று முத்திரைத்தீர்வையைக் குறைத்தது பில்டரிடம் முதல் கையாக வாங்கும் புது பிளாட்டுக்கு. மறுவிற்பனைக்கும் அதே சலுகை உண்டென்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். வங்கியில் பத்திரத்தை அடமானம் வைக்கும் எம்ஓடிக்கு அரை சதவீத முத்திரை, அதாவது 25,600, கூடவே பதிவுக்கட்டணம் 6,000. புரோக்கருக்கு ஒரு சதவீதம், 68,000. கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 24 லட்சம் கையில் இருந்தால்தான் 68 லட்சத்து வீட்டைத் தொடலாம். பதிவுச் செலவை வங்கி வீட்டு விலையில் சேர்க்காது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே மனதில் வையுங்கள்.

“பத்திரத்தில் கொஞ்சம் குறைச்சுப் போட்டுக்கலாம் சார், உங்களுக்கும் லாபம்” என்ற பேச்சும் வந்தது. ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்திரத்தில் போட்ட தொகைக்குத்தான் கடன். நாளைக்கு விற்கும்போது உங்கள் கொள்முதல் விலையும் அந்தக் குறைந்த தொகைதான், லாபவரி அதற்கு மேல் முழுவதற்கும் வரும். அரசு தெருவாரியாக நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை தளத்திலேயே பார்க்கலாம். பேசிய விலை அதைவிடக் குறைவாக இருந்தாலும் தீர்வை அந்த மதிப்புக்குத்தான்.

இனி வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான பழைய கிரயம், அடமான விவரம். பதிவுத்துறை தளத்தில் நங்கநல்லூர் என்று தேடிவிட்டு “ஒன்றுமே இல்லை, சுத்தம்” என்று சந்தோஷப்படக் கூடாது. இங்கே பல தெருக்களுக்குப் பத்திரத்தில் உள்ள பெயர் தலக்கணாஞ்சேரி கிராமம். பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா என்று இருக்கும். 1997-க்குப் பிறகு காஞ்சிபுரம் மாவட்டம், 2018-லிருந்து சென்னை மாவட்டம். அந்தந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்ததோ அங்கேயும் தேடினால்தான் வில்லங்கச் சான்று முழுமை. கிராமப் பெயர், சர்வே எண், உட்பிரிவு மூன்றையும் போட்டு மனை முழுவதற்கும் எடுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் எடுக்காதீர்கள். ஏன் என்பது கீழே.

விற்பவரின் பத்திரத்தில், உள்ளே எழுத்தில் “2,400 சதுர அடியில் பிரிபடாத பாகம் 380 சதுர அடி” என்று இருந்தது. கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் 330. யாரோ தட்டச்சு செய்யும்போது விழுந்த பிழை. இத்தனை வருடமாக யாரும் கவனிக்கவில்லை. வங்கி வக்கீல் அந்த ஒரு வரியில் நிறுத்திவிட்டார். “சார், இதெல்லாம் ஒரு விஷயமா, ஆறு வீட்டுக்காரங்களும் இப்படித்தான் வச்சிருக்காங்க” என்றார் புரோக்கர். விஷயம்தான். பழைய பிளாட்டில் நாம் வாங்குவது முக்கியமாக அந்த நிலப்பங்கைத்தான். கட்டடம் தேய்ந்துகொண்டே போகும். தமிழ்நாடு அடுக்குமாடி உடைமைச் சட்டம் வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். ஆறு வீட்டில் நாலு பேர் போதும். அன்றைக்குப் புது வீட்டில் யாருக்கு எவ்வளவு என்ற பேரம் யூடிஎஸ்ஸை வைத்துத்தான் நடக்கும். போதாததற்கு இங்கே விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் உயரக் கட்டுப்பாடு உண்டு. அடுக்கிக்கொண்டே போய் எல்லோருக்கும் தாராளமாகக் கொடுத்துவிட முடியாது. ஐம்பது சதுர அடி சும்மா விடுகிற விஷயம் இல்லை.

தீர்வு பிழைத்திருத்தல் பத்திரம். கேட்க எளிது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் அன்றைக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தவர். பில்டர் அப்போது நில உரிமையாளர் கொடுத்த பவரை (அதிகாரப் பத்திரத்தை) வைத்து அவருடைய ஏஜென்டாகத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். நில உரிமையாளர் காலமாகிவிட்டார், அவரோடு அந்தப் பவரும் முடிந்தது. “நான்தானே அன்னைக்குப் போட்டேன், இப்பவும் போட்டுத் தரேன்” என்று பில்டர் நல்ல மனதோடு சொன்னாலும் அது செல்லாது. வாரிசுகள் எல்லோரும் வர வேண்டும்: மனைவி, மகன், கல்யாணமாகிப் போன மகள் உட்பட. இறப்புச் சான்றிதழும் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழும் கட்டாயம். நல்ல வேளையாக அந்தக் குடும்பம் மறுப்புச் சொல்லவில்லை.

மகன் வெளிநாட்டில். அங்கேயே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிப் பவர் அனுப்பினார். அதை நேரே சார்பதிவகத்துக்கு எடுத்துக்கொண்டு போனதில் ஒரு நாள் வீண். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதை முடித்த பிறகுதான் சார்பதிவகத்தில் வாங்குவார்கள். வந்த கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அடுத்த முட்டுக்கட்டை சார்பதிவகத்தின் எழுத்தர். “330 இருந்தது 380 ஆகுதுங்க. பரப்பு கூடுது. கூடுன அம்பது அடிக்கு விற்பனைக் கட்டணம் கட்டணும்.” பரப்பைக் கூட்டுகிற திருத்தம் என்றால் அவர் சொல்வது முறைதான். ஆனால் இங்கே கூடவில்லை, தவறாகக் குறைந்திருந்தது. வாயால் சொல்லி அது எடுபடவே இல்லை. முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் காகிதக் கட்டைத் திருப்பித் தள்ளினார்கள். கைகொடுத்தது மனை முழுவதற்கும் எடுத்திருந்த வில்லங்கச் சான்று. அதில் மற்ற ஐந்து வீடுகளின் பத்திர எண்ணும் வருடமும் இருந்தன. பதிவுத்துறை தளத்தில் பணம் கட்டி ஐந்துக்கும் சான்றிட்ட நகல் வாங்கினோம். ஐந்து வீட்டு யூடிஎஸ்ஸையும் கூட்டினால் 2,020. மனை 2,400. மிச்சம் சரியாக 380. ஒரே தாளில் இந்தக் கூட்டலை எழுதி, நகல்களை வரிசையாகக் கோத்து, சார்பதிவாளரிடமே நேரில் வைத்தோம். பார்த்தார், கட்டணம் இல்லாமல் எழுத்துப் பிழை என்றே ஏற்றுக்கொண்டார். இந்தக் கூட்டலை வீடு வாங்குகிற ஒவ்வொருவரும் முன்பணத்துக்கு முன்பே செய்து பாருங்கள். கூட்டுத்தொகை மனையைத் தாண்டினால் பில்டர் இல்லாத நிலத்தை விற்றிருக்கிறார் என்று அர்த்தம். அந்த வீடு வேண்டாம்.

இதற்குள் வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் காலாவதியாகி, மறுபடி சம்பளச் சீட்டு, மறுபடி வட்டி நிர்ணயம். விலை ஏறிவிட்டது என்று விற்பவர் பின்வாங்காததற்கு ஒரே காரணம் ஒப்பந்தத்தில் போட்ட வரி: “ஆவணக் குறையைச் சரிசெய்வது விற்பவர் பொறுப்பு, அதுவரை காலக்கெடு ஓடாது, வங்கியின் சட்டக் கருத்து சாதகமாக வராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப.” இந்த வரி இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கிரயப் பதிவு அரை நாளில் முடிந்தது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் ஒரு சதவீதத்தை டிடிஎஸ்ஸாக (வருமான வரிப் பிடித்தமாக) பிடித்து விற்பவர் பான் எண்ணில் கட்டுவது வாங்குபவரின் கடமை. இங்கே 68,000. அவருடைய பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இல்லையென்றால் பிடிக்க வேண்டியது 20 சதவீதம்.

வாங்கப் போகிறவர்கள் தெருவைப் பற்றியும் சிலது விசாரிக்க வேண்டும். “மெட்ரோ பக்கத்திலேயே” என்று எல்லா விளம்பரத்திலும் இருக்கும். நங்கநல்லூர் ரோடு நிலையம் ஜிஎஸ்டி ரோட்டில். ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டி உள்ளே போகிற தெருக்களிலிருந்து தினமும் நடக்கிற தூரம் இல்லை. விலையில் மெட்ரோவுக்கென்று கூட்டிக் கேட்டால் நடந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதை நிரம்பினால் வண்டி சுற்றித்தான் போக வேண்டும். அதனால் வீட்டை ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். தண்ணீர் போரா, மெட்ரோ வாட்டரா, கோடையில் லாரி எத்தனை என்பதை விற்பவரைவிடக் கீழ்வீட்டுக்காரர் சரியாகச் சொல்வார். கார் நிறுத்த இடம் பத்திரத்தில் இல்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்தில் சொத்து வரிக்குப் பழைய ஆலந்தூர் நகராட்சி ரசீதைக் காட்டாதீர்கள், மாநகராட்சியின் புது வரி எண் வேண்டும். மின் இணைப்பு இன்னும் முதல் உரிமையாளர் பெயரில் கிடந்தால் நடுவில் உள்ள பத்திரங்களின் நகலையும் சேர்த்துப் பதிவேற்றுங்கள். அப்படியே பொது மீட்டர் ரசீதையும் வாங்கிப் பாருங்கள். பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023 அக்டோபரில் பொது மின்கட்டணத்தை யூனிட் 8 ரூபாயிலிருந்து 5.50-க்குக் குறைத்தார்கள். இப்போதைய கட்டணம் கொஞ்சம் மாறியிருக்கும், ஆனால் அந்தத் தனிப் பிரிவு உண்டு. உங்கள் மீட்டர் இன்னும் பழைய பிரிவிலேயே ஓடினால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மாற்றக் கேட்டு எழுதிக் கொடுங்கள், பராமரிப்புத் தொகையில் மாதாமாதம் தெரியும்.