மரப்பாச்சியும் ஆந்திரா வேலையும்

செப்டம்பர் 20, 2025, சனி

பரணிலிருந்து கொலு பொம்மைப் பெட்டியை இறக்கினோம். மேற்கு மாம்பலம் வீட்டில் அதற்கு முதலில் ஸ்டூல் தேட வேண்டும், அப்புறம் ஸ்டூலைப் பிடிக்க ஆள் தேட வேண்டும். செட்டியாருக்கு இந்த வருஷமும் மூக்கு போயிருக்கிறது. மரப்பாச்சி ஜோடிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. திருப்பதியில் வாங்கி, பாட்டிக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தது.

தூசி போகக் கழுவலாம் என்று பக்கெட்டில் போட்டால், கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. அண்ணன் மகளுக்கு ஆச்சரியம். "அத்தை, கட்டை மிதக்கும்னுதானே மிஸ் சொன்னாங்க?" செம்மரம் மிதக்காதுடி என்றேன். சந்தனக் கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஆண் பொம்மையின் அடியை இரண்டு தடவை உரைத்துக் காட்டினேன். குங்குமம் கரைத்தாற்போல் சிவப்பு. எங்களுக்கு அடிபட்டு வீங்கினால் பாட்டி இதைத்தான் உரைத்துத் தடவுவாள். அதனாலேயே எங்கள் வீட்டு ஆண் பொம்மை பெண்ணைவிட ஒரு விரற்கடை குள்ளம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அமாவாசை. படி கட்டியாயிற்று. பலகை தூக்க வந்த வாட்ச்மேன் அண்ணன் மரப்பாச்சியைக் கையில் எடுத்து எடை பார்த்தார், நகத்தால் அழுத்தினார். "நல்ல வைரக்கட்டை மேடம்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு ஜவ்வாது மலை. கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

செப்டம்பர் 23, செவ்வாய்

சுண்டல் கொடுக்கக் கீழே போனபோது வாட்ச்மேன் அண்ணனே ஆரம்பித்தார். சாமை அறுப்பு முடிந்தால் மலையில் வேலை கிடையாது. ஏஜென்ட் வருவான், அட்வான்ஸ் கொடுப்பான், "ஆந்திரா வேலை" என்பான். வேறு எதுவும் சொல்ல மாட்டான். செம்மரம் வெட்டத்தான். காட்டுக்குள் ராத்திரி நடை. கோடாலிதான், மெஷின் ரம்பம் காட்டிக்கொடுத்துவிடும். மரத்தைச் சாய்த்து, பட்டையையும் மேலே இருக்கிற வெளுத்த கட்டையையும் அங்கேயே செதுக்கித் தள்ளிவிட்டு, உள்ளிருக்கும் வைரத்தை மட்டும் தோளில் வைத்துக்கொண்டு பாறையில் இறங்க வேண்டும். "முழு மரம் யாரு தூக்கறது? மிச்சமெல்லாம் அங்கதான் மேடம் கெடக்கும்."

ஒரே தடவைதான் போனாராம். அவர் அப்பா காலத்தில் ஜவ்வாதிலேயே சந்தனம் இருந்தது. அதை வெட்டித் தீர்த்த பிறகு, கோடாலி பழகின கைகளைத் தேடிக்கொண்டு, திருப்பதிப் பக்கத்துச் சேஷாசலக் காட்டுக்கு ஆள் பிடிக்கிறவன் வந்தான்.

நான் கேட்காமலே "இருபது பேர்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. 2015 ஏப்ரல் 7. சேஷாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் செத்த இருபது பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கம். அதற்கு முன்னால், 2013 டிசம்பரில், அதே மலைக்காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். சம்பளத்துக்குப் போனவர்களும் கூலிக்குப் போனவர்களும் செத்தார்கள். கட்டையைக் கப்பலேற்றுகிறவன் காட்டையே பார்த்திருக்க மாட்டான்.

செப்டம்பர் 24, புதன்

வந்தவர்கள் எட்டுப் பேர். பட்டாணி வேகவில்லை. யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் இரண்டாம் தடவை கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 27, சனி

செட்டியாருக்கு மாற்று தேடி மயிலாப்பூர் வடக்கு மாட வீதி. ஒரு கடையில் மரப்பாச்சி இருந்தது. தூக்கினால் தக்கை. ஏதோ மரத்துக்குச் செஞ்சாயம் பூசியிருக்கிறார்கள். நல்லதுதான். இயற்கையாகச் செம்மரம் வளர்வது உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். 1995 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் சீனாவில் யாருக்கோ சிவப்பு நாற்காலி வேண்டியிருக்கிறது. வேறு சரக்கு என்று எழுதிய கன்டெய்னருக்குள் செம்மரக் கட்டை பிடிபட்டதாக நம் துறைமுகச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது இதே யோசனை. செம்மரம் வேங்கைக்குச் சொந்தம். காய் சின்ன அப்பளம் மாதிரி வட்டமாக, ஓரத்தில் இறக்கையோடு இருக்கும். காற்றில் பறந்து போய் விழும். வைரம் ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டுகிறவர்கள் வைரம் ஏறிய பெரிய மரமாகத்தான் பார்த்து வெட்டுகிறார்கள். அப்புறம் விதைக்கு எது மிஞ்சும்? பாறைமேல் மெலிசாகக் கிடக்கிற மண் அங்கே. நிழல் போனால் உண்ணிச்செடி ஏறும், கோடையில் தீ பிடிக்கும், அடுத்த மழைக்கு மண்ணும் போய்விடும். சித்தூர்ப் பக்கத்து மலைகளில் பிறக்கிற நகரியாறு நம் பூண்டி ஏரிக்குத்தான் வருகிறது. போன சனிக்கிழமை பொம்மை மூழ்கிய பக்கெட்டில் அந்தத் தண்ணீரும் கொஞ்சம் இருந்திருக்கும்.

செட்டியார் கிடைக்கவில்லை. மூக்கை எம்-சீல் வைத்து ஒட்டியாயிற்று.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. வாட்ச்மேன் அண்ணன் சாமை அறுப்புக்கு ஊருக்குப் போய்விட்டார், கேட்டில் புதுப் பையன். ராத்திரி ஆரத்தி எடுத்து மரப்பாச்சியைப் படுக்க வைத்தோம். ஒன்றைப் படுக்க வைத்தால் போதும். அண்ணன் மகள் இரண்டையும் படுக்க வைத்துத் துணி போர்த்தினாள். "இன்னும் ஒரே ஒரு தடவை உரைச்சுக் காட்டு அத்தை."

மாட்டேன் என்றேன். ஏற்கனவே குள்ளம்.