திருப்பிவைக்காத தட்டு

"பசித்தவரிடமா சார் பாடம் நடத்துவீர்கள்?" என்று என் நோயாளியின் மனைவியான அந்த அம்மா கேட்டதற்கு, மறுவாழ்வுப் பயிற்சி தருபவனாக நான் சொன்ன பதில் பயிற்சி முறைப்படி சரியானதுதான். ஆனாலும் அது இன்றுவரை உறுத்துகிறது.

அவருடைய கணவருக்கு வலது மூளையின் பரைட்டல் பகுதியில் (மேற்புறப் பின்பகுதியில்) ஸ்ட்ரோக். நான்கு இட்லிகளில் வலப்பக்கத்து இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, "இரண்டுதானா கொண்டுவந்தாய்?" என்று மனைவியைக் கடிந்துகொண்டார். தட்டைத் திருப்பிவைக்க அந்த அம்மா கை நீட்டியபோது, "வேண்டாம் அம்மா, அவரே தேடட்டும்" என்று தடுத்தேன். தட்டின் இடது விளிம்பில் ஒட்டியிருந்த சிவப்பு டேப் கண்ணில் படும்வரை தலையைத் திருப்பச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்து டேப்பும் மீதி இட்லிகளும் பட்டதும், "இதை எப்போது வைத்தாய்?" என்று மனைவியிடம் கேட்டார்.

ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடும் இந்தக் குறைக்கு 'நெக்லெக்ட்' (புறக்கணிப்பு) என்று பெயர். கண்ணில் பழுதில்லை, பார்வைப் புலப் பரிசோதனையிலும் குறை இல்லை. இடப்பக்கத்து ஒளி விழித்திரையில் விழுந்து மூளைக்குப் போகிறது. கவனம் அங்கே திரும்பாததால் அது காட்சியாக உருவாவதில்லை. இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டுமே கவனிக்க, வலது மூளைதான் இரு பக்கங்களையும் கவனிக்கிறது என்பதால், அது பழுதானால் இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளில்லாமல் போகிறது. நினைவிலும் இதே கதைதான். 1978-இல் பிசியாக், லுசாத்தி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள் இருவரும் மிலான் நகர நோயாளிகளிடம், அவர்கள் நன்கறிந்த பேராலயச் சதுக்கத்தைக் கற்பனையில் வருணிக்கச் சொன்னார்கள். ஆலயத்தை நோக்கி நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கத்துக் கட்டடங்களைச் சொன்னவர்கள், எதிர்த்திசையில் நிற்பதாக நினைத்ததும் முன்பு விட்டவற்றைச் சொன்னார்கள்.

தட்டைத் திருப்பினால் வயிறு நிறையும், கவனம் பழகாது என்பதே என் தரப்பு. ஆனால் பயிற்சியில் கற்பது அன்றாட வாழ்வில் நிலைக்கிறது என்பதற்கு வலுவான சான்று இன்றும் இல்லை. அந்த அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டேப்பையே பிய்த்திருப்பார், அதுவும் நன்மையல்ல.

1988-இல் மார்ஷல், ஹாலிகன் என்ற ஆய்வாளர்கள் இதே குறையுள்ள ஒரு பெண்மணியிடம் இரு வீடுகளின் படங்களைக் காட்டினார்கள். ஒன்றின் இடப்பக்கத்தில் தீ எரிந்தது. இரண்டும் ஒன்றுதான் என்றவர், எதில் குடியிருப்பீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலும் எரியாத வீட்டையே காட்டினார். இட்லியைத் தேடிய எங்கள் ஐயாவும் அன்று தட்டை விலக்கவில்லை. வலது விளிம்பில் ஒட்டியிருந்த சட்னியை விரலால் வழித்துக்கொண்டே இருந்தார். மீதி இட்லி இருப்பதை உள்ளூர உணர்ந்திருந்தார் என்றால் தேடச் சொன்னதில் அர்த்தம் உண்டு. அது வெறும் பசிதான் என்றால், அவருக்கு இல்லாத ஓர் இடத்தில் தேடச் சொல்லிக் காக்கவைத்திருக்கிறேன். அந்த அம்மா கேட்டதுதான் நியாயம்.