வீட்டுப் பத்திரம் ஒன்றுதான்: தொழில் தொடங்கப் போகிறவர் 20 லட்சம் கட்டி எம்பிஏ படிக்கலாமா?

மே பிறந்தால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வீட்டுக்கு வீடு இரண்டே பேச்சு. பெங்களூரா மாங்காய் டன் என்ன விலைக்குப் போகும் என்பது ஒன்று, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது இன்னொன்று. ஒசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே 'தொழில்முனைவு' என்ற பெயரிலேயே பிபிஏ, எம்பிஏ எல்லாம் லட்சக்கணக்கில் கட்டணத்தோடு கிடைக்கிறது. "சொந்தமா தொழில் பண்ணப் போறவனுக்கு எதுக்குடா எம்பிஏ?" என்று அப்பா கேட்பார். "படிச்சாத்தான்ப்பா பேங்க்ல மதிப்பாங்க" என்பான் மகன்.

இருவர் பேச்சிலும் பாதி சரி. படிக்காமலே கோடி சம்பாதித்தவர்கள் பட்டியலை எடுத்து நீட்டுவதில் பயனில்லை. அதே ஊரில் படிக்காமல் கடனாளி ஆனவர்கள் அந்தப் பட்டியலில் வருவதில்லை. கடன் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

இரண்டு வருட எம்பிஏ, கட்டணமும் விடுதியும் சேர்த்து 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு ஐஐஎம்மில் கட்டணமே 25 லட்சத்தை ஒட்டி வரும், அதனால் இது மிகை இல்லை. செமஸ்டருக்கு 5 லட்சமாக நாலு தடவை வங்கி விடுவிக்கிறது, வட்டி 10.5 சதவீதம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாம் வருட முடிவில் தனிவட்டியாகவே 4 லட்சத்து 72 ஆயிரம் ஏறியிருக்கும். அசலோடு சேர்த்து 24 லட்சத்து 72 ஆயிரம். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 33,400 ரூபாய், மொத்தம் 40 லட்சம். வேலைக்குப் போகிறவர் சம்பளத்திலிருந்து கட்டிவிடுவார். தொழில் தொடங்கியவருக்கு முதல் ஒன்றிரண்டு வருடம் சம்பளம் என்று ஒன்று கையில் நிற்பதே அபூர்வம்.

தவணையை விடப் பெரிய சிக்கல் அடமானம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால், ஐஐஎம் மாதிரி முதல் வரிசைக் கல்லூரிகளைத் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலான வங்கிகள் சொத்துப் பிணை கேட்கும். 'நாலு ஏக்கர் மாந்தோப்பு இருக்கே' என்று பட்டாவை எடுத்துக்கொண்டு போனால் மேலாளர் முகம் சுருங்கும். காரணம் இருக்கிறது. வாராக் கடனுக்குச் சொத்தை நேரடியாகக் கைப்பற்ற வங்கிக்கு வழி தரும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. ஆகவே டவுனில் இருக்கும் வீடோ, அங்கீகாரம் பெற்ற மனையோதான் கேட்பார்கள். அந்தப் பத்திரம் கல்விக் கடனுக்கு உள்ளே போய்விட்டால், மூன்று வருடம் கழித்துத் தொழில் கடனுக்கு வைக்க வீட்டில் வேறு பத்திரம் இருக்காது. சிறு தொழில் கடனுக்கு அரசு தரப்பில் பொறுப்பேற்கும் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தில் பிணை இல்லாமலே தொழில் கடன் தரலாமே என்றால், தரலாம்தான். ஆனால் ஏற்கெனவே மாதம் 33 ஆயிரம் தவணை ஓடுகிற பெயருக்கு, அனுபவமில்லாத புது யூனிட்டுக்கு, அதை எழுதக் கிளையில் கை வராது. போதாததற்குக் கல்விக் கடனில் அப்பாவும் கூட்டுக் கடன்தாரர். மகன் மூன்று தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கி பார்க்கும் அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் கூடவே சரியும். அப்புறம் அவர் பெயரிலும் கடன் வாங்க முடியாது.

அதே பத்திரம் வீட்டிலேயே இருந்தால் என்ன செய்யலாம்? புதுத் தொழிலுக்கு வங்கிக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு. ஓபிசி, எஸ்சி, எஸ்டி, சிறுபான்மையினர், பெண்கள் எல்லாரும் அதில் சிறப்புப் பிரிவு. நம் மாவட்டங்களில் பெரும்பாலான குடும்பங்கள் இதற்குள் வந்துவிடும். சிறப்புப் பிரிவுக்குக் கைப்பணம் 5 சதவீதம், அதாவது இரண்டரை லட்சம். கிராமப் பகுதியில் மானியம் 35 சதவீதம், அதாவது 17.5 லட்சம். இந்த மானியம் கையில் வராது. மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாகக் கிடந்து, யூனிட் ஓடுகிறது என்று சரிபார்த்த பிறகுதான் கடனில் கழியும். அதுவரை அந்தத் தொகைக்குக் கடன் வட்டி போடமாட்டார்கள். பலர் சறுக்குவது இங்கேதான். 50 லட்சத்தில் 46, 47 லட்சத்துக்கு மெஷினும் ஷெட்டும் போட்டுவிட்டு, நடைமுறை மூலதனத்துக்கு ஒன்றும் வைக்காமல் நிற்பார்கள். மெஷின் இருக்கும், மூலப்பொருள் வாங்கக் காசு இருக்காது.

"பேங்க்ல மதிப்பாங்க" என்ற மகனின் பேச்சுக்கு வருவோம். பிஎம்இஜிபியில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட உற்பத்தித் திட்டத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 5 கோடி வரை திட்டம் போடலாம், 25 சதவீத மானியம் உண்டு, மானியத்துக்கு உச்சவரம்பு 75 லட்சம், வட்டியிலும் 3 சதவீதம் தள்ளுபடி. அதற்கு ஐடிஐ சான்றிதழே போதும். முதல் தலைமுறைத் தொழில்முனைவோராக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம், 1.5 கோடி வரை. அங்கே படிப்பே கேட்பதில்லை. எதிலும் எம்பிஏ கட்டாயம் இல்லை. வங்கி புரட்டிப் பார்ப்பது திட்ட அறிக்கை, கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், சிபில், வாங்குபவர் கொடுத்த கடிதம். பட்டம் அந்த விண்ணப்பத்தில் ஒரு வரி.

படிப்பு உண்மையிலேயே கதவைத் திறக்கும் தொழில்கள் உண்டு. மெடிக்கல் ஷாப் வைக்கப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும். பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கு வேளாண்மை, வேதியியல் போன்ற படிப்போ அதற்கான டிப்ளமோவோ வேண்டும். வேளாண் பட்டதாரிக்கு அக்ரி கிளினிக் திட்டம் இருக்கிறது: 45 நாள் இலவசப் பயிற்சி, 20 லட்சம் வரையான திட்டத்துக்கு 36 சதவீத மானியம், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டியினருக்கும் 44. இவற்றிலும் விலையுயர்ந்த படிப்பு தேவைப்படுவதில்லை. மருந்துக் கடைக்கு டி.ஃபார்ம் என்ற இரண்டு வருட டிப்ளமோவும், 500 மணி நேரப் பயிற்சியும், பதிவுக்கான தேர்வும் முடித்தால் போதும். நாலு வருட பி.ஃபார்முக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிவிட்டு ஊரில் கடை வைப்பதாக இருந்தால், இரண்டு வருடக் கட்டணமும் இரண்டு வருட வியாபாரமும் நஷ்டம்.

சரி, தொழிலுக்கு வேண்டிய அறிவு எங்கே இருக்கிறது? மாங்கூழையே எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதிக் கூழ் 215 கிலோ பிடிக்கும் கிருமி நீக்கிய பையில் நிரப்பி, இரும்பு டிரம்மில் இறக்குவார்கள். பெங்களூராவுக்கு வாங்குபவர் கேட்பது குறைந்தது 14 பிரிக்ஸ் (கூழில் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு). ஒரு சொட்டுக் கூழை ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் தடவி வெளிச்சத்துக்குப் பிடித்தால் அளவு தெரியும். முழுதாகப் பழுக்காத காயை அவசரத்துக்கு உள்ளே விட்டால் பிரிக்ஸ் 12, 13இல் நிற்கும், புளிப்பும் ஏறும். சரக்கு திரும்பும், இல்லையென்றால் விலையை அடித்துக் கேட்பார்கள். காய் வருவது இரண்டு மூன்று மாதம், கூழ் விற்பது வருடம் முழுக்க. சீசனில் விவசாயிக்கும் மண்டிக்கும் கொடுத்த பணம் டிரம்மாக மாறி மாதக்கணக்கில் குடோனில் தூங்கும், வட்டி மட்டும் விழித்திருக்கும். இந்தத் தொழிலில் தோற்பவர்களில் பலர் கூழ் காய்ச்சத் தெரியாமல் தோற்பதில்லை. இந்த இடைவெளிக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போடாமல் தோற்கிறார்கள்.

ஒசூர் சிப்காட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறையிலும் இதே கதை, வேறு உருவத்தில். 10 லட்சத்துக்கு பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி 1.8 லட்சம். மாதாந்திரக் கணக்கு காட்டுபவர் மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்து மிச்சத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கம்பெனி பணம் தருவது 90 நாள் கழித்து. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று பட்டறைக்காரர் வாயை மூடிக்கொள்வார். மெஷின் மணிக்கு என்ன செலவு என்று கணக்குப் போடவும், இந்தப் பண ஓட்டத்தை ஒரு எக்செல் தாளில் மாதவாரியாக எழுதவும் மூன்று மாதம் உட்கார்ந்தால் போதும். ஒரு நல்ல ஆடிட்டர் ஆபீசில் ஆறு மாதம் இருந்தால் எம்பிஏவின் ஒரு முழுப் பாடத்துக்கு மேல் கிடைக்கும் என்பது எங்கள் கருத்து.

விலையுயர்ந்த பட்டம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மென்பொருள், நிதி, ஆலோசனை மாதிரித் தொழில்களில் வாங்குபவரும் முதலீட்டாளரும் அந்த வகுப்பறையிலிருந்தே வருவார்கள். அங்கே கூடப் படித்தவரின் தொலைபேசி எண்ணுக்கு விலை உண்டு. நாலைந்து வருடம் வேலை பார்த்துக் கடனை அடைத்துவிட்டு அப்புறம் தொழில் என்று திட்டமிடுபவருக்கும் சரி வரும். அதுவும் கல்லூரியின் பெயரைப் பார்த்தவுடன் வேலை கிடைக்கும் முதல் வரிசைக் கல்லூரிகளில்தான். அங்கே 'பிளேஸ்மென்ட் ஹாலிடே' உண்டா என்று கேளுங்கள். படித்து முடித்துத் தொழில் தொடங்குபவர், அது படுத்துவிட்டால் ஒன்றிரண்டு வருடம் கழித்து வந்து வளாக நேர்காணலில் உட்காரலாம் என்ற ஏற்பாடு அது. ஐஐஎம்களில் இருக்கிறது. 'தொழில்முனைவு' என்று பெயர் வைத்திருக்கும் கல்லூரியில் இது இல்லையென்றால் அந்தப் பெயரில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அட்மிஷன் அலுவலகத்தில் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: ஐந்து வருடத்துக்கு முன் படித்து முடித்தவர்களில் சொந்த நிறுவனம் நடத்தும் பத்துப் பேர் பெயர். சுவரில் மாட்டிய படம் போதாது, நிறுவனத்தின் பெயர் வேண்டும். ஜிஎஸ்டி எண்ணை வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் தட்டினால் பதிவு எப்போது, இப்போது உயிரோடு இருக்கிறதா, ரத்தானதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவுத் தேதி அவர் படிக்கச் சேர்வதற்கு முன்பாக இருந்தால் அது அப்பா தொடங்கிய கம்பெனி.

பொறியியல் அடிப்படை வேண்டுமென்றால் பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். உணவுத் தொழிலுக்கு, மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்களான மைசூரு சிஎஃப்டிஆர்ஐயில் நாட்கணக்கில் முடியும் குறும்பயிற்சிகள் உண்டு, தஞ்சாவூர் நிஃப்டெமிலும் உண்டு.

எதில் சேர்வதானாலும் முதல் தவணை கட்டும் முன் ஒரு காரியம் செய்யலாம். அட்மிஷன் நடக்கும் அதே மே, ஜூனில்தான் கூழ் ஆலைகள் ராப்பகலாக ஓடுகின்றன, ஆள் எடுக்கின்றன. பழம் இறங்கும் இடத்தில் எடைச்சீட்டு எழுதுகிற வேலையாவது கிடைக்கும். எந்த லோடு எத்தனை கிலோ கழிவு போனது, ஒரு டன் காய்க்கு எத்தனை கிலோ கூழ் விழுந்தது, லாரிக்காரருக்கு என்று பணம் கொடுத்தார்கள் என்று நாற்பது நாள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதி வரும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.